சங்கிலியின் மருந்துக் குழாய்

சுமித்திரா செத்து முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த அடுத்த கிழமையே சங்கிலி பரண் கட்டத் தொடங்கினான். ஜெயபுரத்தில் அந்த வருசம் மழை விட்ட பிறகும் நிலம் காயாமல் கிடந்தது. ஒழுங்கைப் பாதையின் இரண்டு பக்கமும் மாட்டுக் குளம்புக் குழிகளில் தண்ணீர் நின்றது. பொழுது சாய்ந்தால் கடிக்கிற நுளம்பு காதுக்குள்ளும் போகும். ஆனையிறவுப் பக்கமிருந்தும் கிளிநொச்சிப் பக்கமிருந்தும் இடம்பெயர்ந்து வந்த சனம் காட்டோரம் முழுவதும் கொட்டில் போட்டிருந்தது. மலேரியாக் காய்ச்சல் இல்லாத கொட்டில் இல்லை.

சங்கிலி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். பதினாறு வயதில் தேயிலைக்குப் பூச்சி மருந்து அடிக்கும் வேலைக்குப் போனவன். எழுபத்தேழுக் கலவரத்தில் வீடு எரிந்தபோது தாயோடு வன்னிக்கு வந்தான். காடு வெட்டி, இரண்டு ஏக்கர் எடுத்து, மீனம்மாவைக் கட்டி, இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்ற பிறகும் அவனுடைய தொழில் அதுதான். மிளகாய்த் தோட்டக்காரர்கள் கூப்பிட்டால் மெசினை முதுகில் மாட்டிக்கொண்டு போவான். அவன் அடித்தால் இலையின் அடிப்பக்கமும் நனையும் என்று பேர்.

மூத்தவள் சுமித்திராவுக்குப் பதினொரு வயது. மூளைக் காய்ச்சலாக மாறி அவளுக்குக் கைகால் இழுத்து வலி கண்ட அன்று சங்கிலி வீட்டில் இல்லை. மூன்று கட்டைத் தூரத்துக்கு அப்பால் ஒருவருடைய மிளகாய்க்கு மருந்து அடித்துக்கொண்டு நின்றான். செய்தி கிடைத்து அவன் வந்து, சைக்கிளில் அவளை ஏற்றி முழங்காவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பின்னேரமாகிவிட்டது. சேலைன் ஏற்றினார்கள். ஊசி மருந்து முடிந்துபோயிருந்தது. அடுத்த நாள் காலை பிள்ளை கண்ணைத் திறக்காமலே போய்விட்டாள்.

பரண் பாலைக் குற்றிகளில் எழுந்தது. அதன்மேல் ஒரு நீலப் பரல், பிளாஸ்டிக் பீப்பாய். பரலின் அடியில் கைபிடி வைத்த பைப். அதிலிருந்து ஒரு ஹோஸ் குழாய் வேலியைச் சுற்றி ஆள் உயரத்தில் ஓடி வந்தது. குழாய் முழுக்கச் சூடாக்கிய ஊசியால் சாணுக்கு ஒரு துளை. பைப்பின் கைபிடியை ஒரு பக்கம் சைக்கிள் ரியூப் ரப்பர் இழுத்து மூடி வைத்திருந்தது. மறுபக்கம் ஒரு பால்மாத் தகரப்பேணி தொங்கியது. அந்தப் பேணிக்குள், பரணில் வைத்த குடத்திலிருந்து ஒரு சேலைன் குழாயால் நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும். பொழுதுபடும் நேரத்துக்குப் பேணி நிறைந்து, பாரத்தில் கைபிடியை இழுத்துத் திறந்துவிடும். வேலி முழுக்க மருந்துத் தண்ணீர் சீறும். சாய்ந்த பேணியின் விளிம்பிலிருந்த ஓட்டையால் தண்ணீர் மெல்ல வடிந்து முடிய, ரப்பர் கைபிடியை இழுத்து மூடும். ஒரு நாளுக்கு அரை மணித்தியாலம். ஆள் தேவையில்லை. பரலில் மிளகாய்க்கு அடிக்கும் மருந்தையே கலந்து வைத்தான்.

முதல் நாள் அது தானாகத் திறந்தபோது இளையவள் பத்மாசனி கை தட்டினாள். மீனம்மா குசினி வாசலில் நின்று அந்தச் சேலைன் குழாயைப் பார்த்தாள்.

"இது எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"ஆஸ்பத்திரியில."

"எந்தக் குழாய்னு கேக்குறேன்."

சங்கிலி பரணில் ஏறிப் பரலின் மூடியை அழுத்தினான். அவள் குசினிக்குள் திரும்பினாள்.

மருந்து பிடித்தது. ஒரு கிழமையில் முற்றத்தில் இருந்து சாப்பிட முடிந்தது. ஒழுங்கைச் சனம் வந்து பார்த்தது. "அண்ணை, எங்களுக்கும் ஒண்டு கட்டித் தாங்கோ" என்று மூன்று வீட்டுக்காரர் கேட்டார்கள். பக்கத்து வளவு யோசெப்பும் வந்து பார்த்தான். முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் வைத்திருந்தவன். போன ஆடியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மனைவி அருளம்மாவோடும் கைக்குழந்தையோடும் வந்து, சங்கிலியின் கிழக்குப் பக்க வேலியோடு கொட்டில் போட்டவன். இப்போது நாச்சிக்குடாவுக்குப் போய் மீன் வாங்கி, வெட்டிக் காயவைத்து விற்றான்.

அவன் வேலியைத் தடவிப் பார்த்து, விரலை மணந்து, சேட்டில் துடைத்தான்.

"கெட்டித்தனமான வேலைதான் அண்ணை. ஆனா இப்ப காத்தில்லை. வைகாசியிலை கச்சான் காத்துத் துவங்கினா என்ன செய்யப் போறியள்? அது உங்கட பக்கத்தாலை வந்து நேரை எங்கட குசினிக்கைதான் அடிக்கும்."

"உங்க பக்கத்துக்கும் நல்லதுதானே தம்பி. உங்க வீட்டுலயும் புள்ள இருக்கு."

"நான் கருவாடு காயப்போடுறனான்."

"ஈயும் வராது."

யோசெப் சிரித்தான். பிறகு இன்னொரு தரம் வேலியைப் பார்த்துவிட்டுப் போனான்.

கச்சான் துவங்கியது. அருளம்மாவின் கோழிகள் இரண்டு செத்தன. கோழி நோய் பரவுகிற காலம் என்று விட்டுவிட்டார்கள். பிறகு பூனை செத்தது. அருளம்மா வேலிப் படலைக்கு வந்து, "அக்கா, அண்ணையிட்டைச் சொல்லி இந்தப் பக்கத்து ஓட்டையளை அடைக்கச் சொல்லுங்கோவன்" என்றாள். மீனம்மா அன்று இரவுச் சாப்பாட்டோடு சொன்னாள்.

"கிழக்குப் பக்கம்தான் பள்ளம்" என்றான் சங்கிலி. "தண்ணி நிக்கிறதே அங்கதான். அதை அடைச்சா மத்ததெல்லாம் எதுக்கு?"

"பூனை செத்துருக்கு."

"புள்ள செத்துருக்கு மீனம்மா."

அவள் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்து நெடுநேரம் மென்றாள்.

ஆனி மாதம் நிவாரணம் கொடுத்த நாள். மீனம்மா பத்மாசனியையும் கூட்டிக்கொண்டு நிவாரண அட்டையோடு கூட்டுறவுச் சங்கக் கடை வரிசைக்குப் போயிருந்தாள். சங்கிலி மிளகாய்த் தோட்டத்தில். யோசெப் நாச்சிக்குடாவில். வெயிலிலும் மருந்திலும் வெடித்துப்போயிருந்த ரப்பர் எத்தனை மணிக்கு அறுந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இழுத்து மூட ஒன்றும் இல்லாமல் பைப் திறந்தபடி கிடந்தது. முழுப் பரலும் வேலியால் சீறிக் காற்றோடு கிழக்கே போனது. வேலியோரம் பாலைப்பழம் கொட்டிக் கிடந்தது. ஒன்றரை வயது அனிஸ்ரன் அதைப் பொறுக்கித் தின்றுகொண்டு ஈர மண்ணில் இருந்தான். அருளம்மா வளவின் அடுத்த தொங்கல் கோடியில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். மணம் வந்தது. ஆனால் அந்த மணம் இரண்டு மாதமாய் வருகிற மணம்.

மீனம்மா அரிசிப் பையோடு ஒழுங்கைக்குள் திரும்பியபோது அருளம்மா குழறிக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளையின் வாயால் எச்சில் நூலாய் வடிந்தது. உடம்பு முழுக்க வியர்வை. கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. தோட்டத்தில் மருந்து குடித்தவர்களை மீனம்மா பார்த்திருக்கிறாள். அரிசிப் பை விழுந்தது.

"சட்டையைக் கழட்டு. தொடாத, துணியால புடி. கெணத்தடிக்கு வா!"

சவுக்காரம் யானை விலை விற்ற காலம். சுமித்திராவின் காரியத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய ஒரு துண்டு கூரையில் செருகியிருந்தது. அதை எடுத்து, பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை மூன்று தரம் தேய்த்துக் கழுவினாள். துண்டு கையிலேயே கரைந்து முடிந்தது.

அந்த நேரம் சங்கிலி சைக்கிளில் வந்து இறங்கினான். பரலைப் பார்த்தான். வேலியைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். சைக்கிளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "ஏறும்மா" என்றான்.

அதே பாதை. அதே பள்ளங்கள். பின்னால் அருளம்மா, மடியில் பிள்ளை. செபமாலை சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, திரும்பவும் முதலில் இருந்து சொன்னாள். சங்கிலி கேட்டது ஒன்றுதான்: "மூச்சு இருக்கா?" பத்துப் பதினைந்து மிதிக்கு ஒரு தரம் கேட்டான். அவள் ஒவ்வொரு தரமும் "ஓம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர், "என்ன குடிச்சது?" என்று கேட்டார்.

"குடிக்கல ஐயா. நான் வேலிக்கு வச்ச மருந்து." சங்கிலி மருந்தின் பெயரைச் சொன்னான். பரலுக்கு எத்தனை மூடி கலந்தான் என்பதையும் சொன்னான். யாரும் கேட்காமலே, "நான்தான் வச்சேன்" என்று இன்னொரு தரம் சொன்னான்.

மருந்தின் பெயர் உடனே தெரிந்ததால்தான் பிள்ளையைக் காப்பாற்ற முடிந்தது என்று டொக்டர் பிறகு யோசெப்பிடம் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருந்த மாற்று ஊசி முழுவதும் அனிஸ்ரனுக்கே முடிந்தது. யோசெப் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். சங்கிலியின் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிராம அபிவிருத்திச் சங்கம் பள்ளிக்கூடக் கொட்டிலில் கூடியது. செயலாளர் ஞானேஸ்வரி ரீச்சர் கொப்பியோடு இருந்தா. சுகாதாரப் பரிசோதகர் ஜனார்த்தனன் சைக்கிளில் வந்திருந்தார். மாவட்டத்தில் பாதி அவருடைய பொறுப்பு. அவருக்கே காய்ச்சல் வந்து எழும்பி ஒரு கிழமை. கொட்டில் நிறையச் சனம். அதற்குள் சங்கிலியைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டில் குழாய் கட்டியிருந்தார்கள். அவர்களும் வந்திருந்தார்கள்.

ஜனார்த்தனன் மெதுவாகத் தொடங்கினார். "இதிலை ஒருத்தரையும் குற்றவாளியாக்க நான் வரேல்லை. ஆனா இதுக்கு ஒரு ஒழுங்கு வேணும். தோட்டத்து மருந்து தோட்டத்துக்குத்தான். வீட்டைச் சுத்தி அடிக்கிறதுக்கில்லை."

"அதுக்குப் பிறகுதானே ஐயா எங்கட பக்கம் நுளம்பு குறைஞ்சது?" என்றான் குழாய் கட்டியவர்களில் ஒருவன். "அரசாங்கம் வலையும் விடுகுதில்லை, குளிசையும் விடுகுதில்லை. நாங்களும் ஒண்டும் செய்யக்கூடாதெண்டா?"

"குறைஞ்சது வேலியிலை நிக்கிற நுளம்பு. காய்ச்சல் நுளம்பு கடிச்சுப்போட்டு வீட்டுக்குள்ளை சுவரிலைதான் போய் இருக்கும். நீங்கள் காத்துக்கு அடிக்கிறது காத்தோடை போய் அடுத்த வீட்டு உலைக்குள்ளை விழும்."

ஞானேஸ்வரி ரீச்சர் நிமிர்ந்தா. "சங்கிலி, நீங்கள் சொல்லுங்கோ."

சங்கிலி எழும்பினான். தலையில் கட்டியிருந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. எம்புள்ளைக்கு வலி வந்தப்ப நான் ஊரான் மொளகாக்கு மருந்து அடிச்சிக்கிட்டு நின்னேன். ஊட்டுல இருந்திருந்தா ரெண்டு மணி நேரம் முந்திக் கொண்டுபோயிருப்பேன். நான் என்னைக்கும் ஊட்டுல இருக்க முடியாது. வேலைக்குப் போகணும். அதான், நான் இல்லாத நேரத்துல செய்யுற மாதிரி ஒன்னு கட்டினேன். அவ்வளவுதான்."

பின்னாலிருந்து யோசெப் எழும்பினான்.

"நீங்கள் இல்லாத நேரத்திலைதான் அண்ணை என்ர பிள்ளைக்கு அடிச்சது. நீங்கள் நிண்டிருந்தா அடிச்சிருப்பியளோ? பிள்ளை வேலியோரம் இருக்கிறதைக் கண்டுபோட்டு அடிச்சிருப்பியளோ?"

சங்கிலி இல்லையென்று தலையாட்டினான்.

"அந்தப் பேணிக்கு அது தெரியுமே?"

பொம்பிளைகள் பக்கமிருந்து மீனம்மா எழும்பி நின்றாள். சங்கக் கூட்டத்தில் அவள் பேசியதை அதற்கு முன்னர் ஒருவரும் கேட்டதில்லை.

"கழட்டச் சொல்லுங்க ரீச்சர். நான் சொன்னா அவரு கேக்கமாட்டாரு. அருளம்மா வந்து சொன்னா, கோழி செத்துருச்சுன்னு. பூனை செத்துருச்சுன்னு. நானும் சொன்னேன். கேக்கல." அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "அதுல சொட்டுற கொழாய் சுமித்திராவுக்கு ஏத்தின கொழாய். அதைப் பாத்துக்கிட்டுத்தான் தெனமும் சோறு ஆக்குறேன். எம்புள்ளைக்கு ஏத்துனதை வச்சு இன்னொருத்தி புள்ளையக் கொல்லப் பாத்தோம். கழட்டச் சொல்லுங்க."

சங்கிலி அவளைப் பார்க்கவில்லை. துவாயை உதறி மறுபடி தலையில் கட்டிக்கொண்டு கீழே இருந்தான்.

ரீச்சர் எழுதி வாசித்தா. ஆள் நிற்காமல் தானாக மருந்து அடிக்கிற எந்தக் கருவியும் வீட்டு வளவுக்குள் வைக்கக்கூடாது. இருப்பவற்றை மூன்று நாளைக்குள் கழற்ற வேண்டும். சுகாதாரப் பகுதி தருகிற மருந்தை மட்டும், அதுவும் உள்சுவருக்கு மட்டும், சங்கம் அனுப்புகிற ஆள் அடிக்கலாம். அவன் படலையில் நின்று கூப்பிட்டு, உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். பிள்ளைகளையும் சட்டி பானையையும் வெளியே எடுத்து, கிணற்றை மூடி, வீட்டுக்காரர் ஓம் என்று சொல்லாமல் அடிக்கக்கூடாது.

"ஆர் அடிக்கிறது?" என்று யாரோ கேட்டார்கள்.

ஜனார்த்தனன் சங்கிலியைப் பார்த்தார். "இந்தப் பகுதியிலை சரியா அடிக்கத் தெரிஞ்ச ஆள் ஒராள்தான்."

யோசெப் எழும்பி வெளியே போய்விட்டான்.

அன்று பின்னேரமே சங்கிலி எல்லாவற்றையும் கழற்றினான். பரலைக் காட்டுக்குள் கொண்டுபோய்க் குழி தோண்டிக் கழுவி ஊற்றினான். சேலைன் குழாயைச் சுருட்டிச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு எங்கேயோ போனான். வரும்போது பை வெறுமையாக இருந்தது. அதன்பிறகு நாலு மாதம் மீனம்மாவோடு கதைக்கவில்லை. சோற்றை வைத்தால் சாப்பிடுவான். ஏதாவது வேண்டுமென்றால் பத்மாசனியிடம் சொல்வான். மீனம்மாவும் வழக்கம்போல விறகு பொறுக்கினாள், நிலக்கடலை ஆய்ந்தாள், தண்ணீர் அள்ளினாள். கிழக்கு வேலியைக் கடக்கும்போது மட்டும் நடை கொஞ்சம் வேகமாகும்.

புரட்டாசியில் சுகாதாரப் பகுதி மருந்து இரண்டு மூட்டை வந்தது. ஆமிக்காரரின் பாஸ் கிடைத்து வந்து சேர்ந்ததே பெரிய கதை. சங்கிலி காக்கிச் சேட்டு மாட்டி, வாயைத் துவாயால் கட்டி, ஒழுங்கை ஒழுங்கையாகப் போனான். படலையில் நின்று கூப்பிடுவான்.

"மருந்து அடிக்க வந்திருக்கேன். உள்ள புள்ளைங்க இருக்கா?"

சனம் பிள்ளைகளை வெளியே எடுத்தது. உலைப்பானையை மாமரத்தடிக்குக் கொண்டுபோனது. சங்கிலி தானே போய்க் கிணறு மூடியிருக்கிறதா என்று பார்ப்பான். எழுதியதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாமல் குறையாமல் அடித்தான்.

யோசெப்பின் படலையில் நின்று கூப்பிட்டபோது பதில் வரவில்லை. உள்ளே அம்மியில் அரைக்கிற சத்தம் கேட்டது, கூப்பிட்டதும் நின்றது. சங்கிலி பதினைந்து இறாத்தல் பாரமான மெசினை முதுகில் வைத்தபடி நின்றான். திரும்பவும் கூப்பிட்டான். பிறகு போய்விட்டான். ஐப்பசியில் இரண்டாம் தரம் வந்தான். மழை தூறத் தொடங்கிய பிறகு மூன்றாம் தரம்.

"ஒருக்கா உள்ளுக்குப் போய் அடிச்சுப்போட்டு வாங்கோவன்" என்றா ஞானேஸ்வரி ரீச்சர். "நான் பிறகு கதைக்கிறன்."

"ஓம்னு சொல்லாம அடிக்கக்கூடாதுன்னு நீங்கதானே ரீச்சர் எழுதினீங்க."

அன்று இரவு, கூட்டத்துக்குப் பிறகு முதல் தரமாக, அவன் மீனம்மாவிடம் நேராகச் சொன்னான். "நீ போய்க் கேட்டுப் பாரேன். நீ கேட்டா சொல்லுவா."

மீனம்மா போனாள். அருளம்மா அடுப்படியில் இருந்தாள். பிள்ளை அவளுடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். நடை இன்னும் சரியாக வரவில்லை.

"மழை வந்துருச்சு தங்கச்சி. சுத்தி எல்லா ஊட்டுலயும் அடிச்சாச்சு. நான் பக்கத்துலயே நிக்கிறேன். வேணும்னா நீயும் நின்னு பாரு."

அருளம்மா அடுப்பை ஊதினாள்.

"அக்கா, நீங்கள் சவுக்காரம் போட்டுக் கழுவினதை நான் சாகும்வரை மறக்கமாட்டன். அண்ணை சைக்கிள் உழக்கினதையும் மறக்கமாட்டன். இவர்தான் கோவத்திலை நிக்கிறார், நான் கோவமில்லை. ஆனா அந்த மணம்... பக்கத்து வீட்டிலை அடிச்ச அண்டைக்கு நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஓடினனான். வீட்டுக்குள்ளை அந்த மணத்தை வைச்சுக்கொண்டு பிள்ளைக்கு நான் எப்பிடிச் சோறு தீத்துறது?"

மீனம்மா பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டாள்.

கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. போன வருசம் அளவுக்கு இல்லை என்று ஜனார்த்தனன் சொன்னார். ஒழுங்கையில் ஒன்பது பேருக்கு வந்தது. ஏழு பேர் குளிசை விழுங்கி எழும்பினார்கள். மற்ற இருவர் யோசெப்பும் அனிஸ்ரனும். யோசெப்புக்கு நடுக்கம் விட்டு விட்டு வந்தது. பிள்ளைக்கு மூன்றாம் நாள் கண் சொருகியது. சங்கிலி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது யோசெப், நிற்க முடியாத காலோடு, மறுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தான். இந்தத் தரம் பாதை முழுக்கச் சேறு. இந்தத் தரமும் சங்கிலி, "மூச்சு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு போனான். ஊசி இருந்தது. போட்டார்கள். ஆனியில் அந்த மருந்தால் வாங்கிய அடியில் பிள்ளையின் உடம்பு தேறவில்லை என்றார் டொக்டர். நாலாம் நாள் விடியப்புறம் அனிஸ்ரன் செத்துப்போனான்.

நாச்சிக்குடாச் சேமக்காலையில் புதைத்தார்கள். சங்கிலி றோட்டு ஓரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான், உள்ளே போகவில்லை. மீனம்மா போனாள். அருளம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

திரும்பி வரும் வழியில், முன்பு குழாய் கட்டியவர்களில் ஒருவன் சங்கிலியோடு சேர்ந்து நடந்து, தணிந்த குரலில் சொன்னான்: "அந்தக் குழாய் இருந்திருந்தா இந்தப் பிள்ளை தப்பியிருக்கும். நாங்கள்தான் பேய்த்தனமா கழட்டிப்போட்டம்."

சங்கிலி சைக்கிளை நிறுத்தினான்.

"அது இருந்திருந்தா ஆனியிலயே செத்துருக்கும். அதுல பட்டதாலதான் இப்பச் செத்துருக்கு. இனிமே யார்கிட்டயும் இதைச் சொல்லாத." அவன் குரல் கூடிவிட்டது. முன்னால் போன சனம் திரும்பிப் பார்த்தது. "என் முன்னால சொல்லாத."

தை பிறந்தது. மூன்று மாதம் ஆனதால் மருந்து திரும்பவும் அடிக்க வேண்டும் என்று ரீச்சர் செய்தி அனுப்பினா. சங்கிலி ஒரு நாள் தள்ளினான், இரண்டு நாள் தள்ளினான். மூன்றாம் நாள் காலை மீனம்மா காக்கிச் சேட்டைத் தோய்த்து, காயவைத்து, கதிரையில் போட்டிருந்தாள். அவன் அதை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டான்.

ஒழுங்கையின் மேற்குத் தொங்கலில் இருந்து வீடு வீடாக வந்தான். யோசெப்பின் படலைக்கு வந்ததும் நின்றான். வாயைக் கட்டியிருந்த துவாயை இறக்கினான். ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிற அந்தக் கேள்வியைத் தொடங்கினான்.

"மருந்து அடிக்க வந்திருக்கேன். உள்ள..."

மிச்சம் வரவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். போய்விடலாம் என்று திரும்பியபோது படலை திறந்தது. அருளம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் முற்றத்தில் சட்டி பானை, பாய், ஒரு சிறிய பெட்டி எல்லாம் ஏற்கனவே வெளியே வந்திருந்தன. கிணற்றின் மேல் ஒரு தகரம் கிடந்தது.

"அடியுங்கோ அண்ணை" என்றாள். "உள்ளை ஒருத்தரும் இல்லை."

சங்கிலி அசையவில்லை.

"அம்மா, நான் இன்னொரு நாளைக்கு..."

"அடியுங்கோ. என்ர சுவரிலை இருக்கிற நுளம்பு இஞ்சையே நிக்கப்போகுதே? உங்கட பத்மா இருக்கிறாள். அங்காலை ரீச்சர் வீட்டுப் பேரப்பிள்ளை இருக்கு." அவள் படலையை அகலத் திறந்து பிடித்தாள். "ஓம் எண்டு சொல்லவேணுமாமே. ஓம்."

அவன் உள்ளே போனான். நாலு மண்சுவருக்கும் மேலிருந்து கீழாக, கோடு கோடாக அடித்தான். ஒரு சுவரில் ஆள் முழங்கால் உயரத்தில் கரிக்கட்டியால் கிறுக்கியிருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் கை தயங்கியது. பிறகு அதன் மேலும் அடித்தான். மருந்து கரியைக் கரைத்துக்கொண்டு கீழே வழிந்தது.

மணம் முற்றத்துக்கு வந்தது. அருளம்மா கிணற்றடியில் நின்றாள். மூக்கைப் பொத்தவில்லை. அவன் அடித்து முடித்து வெளியே வரும்வரை அங்கேயே நின்றாள்.